அக்கா பூட்டு

தூங்கினால்தான் கதவு திறக்கும். இப்படி ஒரு லாரியைச் செய்து ரோட்டில் விடுவார்கள் என்று என் அப்பா காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். எங்களுக்கு அதில்தான் பிழைப்பு.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஹைட்ரஜனில் ஓடுகிறது, புகை என்ற பேச்சே இல்லை, பின்னால் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்தான் விழும். டீசல் வண்டி ஓட்டிய காலத்தில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்தக் கொடுமை ஒழிந்தது. முப்பது டன் ஏற்றினாலும் மேட்டில் முனகாது. காற்று தடுக்காமல் இருக்க முகப்பைச் சரித்து, கிளீனர் சீட்டைப் பிடுங்கி எறிந்து, எரிபொருள் செலவைப் பாதிக்குப் பாதி குறைத்துவிட்டார்கள். ஒரே ஒரு சீட்டு, அதற்குப் பின்னால் ஒரு படுக்கை. அந்தப் படுக்கைதான் எமன்.

சட்டம் இதுதான். ஒன்பது மணி நேரம் ஓட்டினால் நாலு மணி நேரம் தூங்க வேண்டும். சும்மா படுத்துப் புரண்டால் கணக்கில் வராது, நிஜத் தூக்கம் வேண்டும். மெத்தைக்குள் இருக்கிற கருவி நெஞ்சுத் துடிப்பு, மூச்சு, அசைவு எல்லாவற்றையும் பார்த்துக் கணக்கு வைக்கும். கூரையில் ஒரு சின்னத் திரை, அதில் மீதி நேரம் குறைந்துகொண்டே வரும். விழித்தால் அப்படியே நின்றுவிடும். கணக்கு முடியும்வரை ஸ்டியரிங் அசையாது, கதவும் திறக்காது.

இந்தப் பூட்டுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் அக்கா. 'அக்கா கதவச் சாத்திட்டா', 'அக்கா இன்னும் விடலடா' என்பார்கள். டீக்கடையில் நாலு டிரைவர் சேர்ந்தால் அக்காவை எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டுவார்கள். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விடுவேன். அது என் அக்கா, என் கூடப் பிறந்த வளர்மதி.

அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலு மச்சானும் டிரைவர்தான். பழைய டீசல் வண்டி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார். அவரும் போனார், எதிரே வேனில் வந்த மில் வேலைக்காரப் பெண்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அரசாங்கம் விசாரணைக் கமிஷன் போட்டது. வண்டியில் படுக்கை வைத்தால் போதும் என்று எல்லாரும் எழுதிக் கொடுக்க இருந்தபோது, எங்கள் அக்கா கையில் குழந்தையோடு போய் நின்றாள்.

"படுக்கை அவரு வண்டிலயும் இருந்துச்சுங்க," என்றாள். "அதுல கிளீனரப் படுக்க வெச்சு, டிரைவர் தூங்கினதாக் கணக்குக் காட்டிட்டு, மொதலாளி இவர எறக்கி வேற வண்டிக்கு லோடு ஏத்தச் சொன்னாரு. கதவப் பூட்டுங்க. பூட்டலீன்னா எந்தச் சட்டம் போட்டும் புண்ணியமில்லீங்க."

அதைப் பத்திரிகையில் போட்டார்கள். கதவைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு லாரி விபத்தில் செத்தவர்கள் தொகை அடியோடு குறைந்தது என்பது நிஜம், அதை யாரும் டீக்கடையில் பேச மாட்டார்கள்.

அன்றைக்கு நான் புனேயிலிருந்து கரூருக்கு மெஷின் பாகம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க ஓட்டம். தர்மபுரிக்கு வடக்கே இருக்கிற லாரி நிறுத்தத்தில் காலை வெயில் ஏறுகிற நேரத்தில் வண்டியை விட்டேன். நிறுத்தியதும் டக்கென்று கதவு பூட்டிக்கொண்டது. கூரைத் திரையில் நாலு மணி நேரம் என்று வந்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா மகள் தாரணி.

"மாமா, எங்க இருக்கறீங்க?"

"தர்மபுரிக்கு முன்னால. ஏன் சாமி, தொண்டை கட்டியிருக்குது?"

"அம்மா போயிருச்சு மாமா."

எனக்கு விளங்கவில்லை. எங்கே போனாள் என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்டேன் என்று இல்லை, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டேன்.

"வெடியால வாசல் தொளிச்சுட்டு இருந்துச்சு. நெஞ்சக் கரிக்குதுன்னு உக்காந்துச்சு. தண்ணி கொண்டாறதுக்குள்ள..." அவள் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வந்தாத்தான் மாமா எடுக்க முடியும். பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும்னு பெரியப்பா சொல்றாரு."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். அதை உடம்பின்மேல் போர்த்தின பிறகுதான் பாடையில் தூக்குவார்கள். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் பிறந்த வீட்டுக்காரன் வரும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் அப்பா இல்லை, அம்மா இல்லை, நான் ஒருத்தன்தான்.

இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிக் கதவுப் பிடியை இழுத்தேன். அது வரவில்லை. அப்புறம்தான் நான் எங்கே இருக்கிறேன் என்பதே ஞாபகம் வந்தது.

கதவை உதைத்தேன். கண்ணாடியை முழங்கையால் குத்தினேன். விபத்தில் பாறாங்கல் விழுந்தாலும் உடையாத கண்ணாடி, என் முழங்கைதான் வீங்கியது. கூரையில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓசூரில் இருக்கிற கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம், நஸ்ரின் பேசறேன். சொல்லுங்கண்ணா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"கதவத் தெற அம்மிணி. எங்கக்கா செத்துப் போச்சு. நான் போகணும்."

"அடடா," என்றாள். அந்த அடடா மனசிலிருந்துதான் வந்தது. "அண்ணா, இங்கருந்து தெறக்க எங்களுக்கு வழி இல்லண்ணா."

"வண்டிய ஓட்டறேன்னா சொன்னேன்? வண்டி இங்கயே கெடக்கட்டும். கதவ மட்டும் தெற. பஸ்ஸப் புடிச்சுப் போயிக்கறேன்."

"ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் ஒரே பூட்டுதாண்ணா. மொதல்ல எங்க கையில ஒரு சாவி இருந்துச்சு. கம்பெனிக்காரங்க போன் பண்ணி, லோடு அவசரம் தெறந்து விடு, இல்லீன்னா வேலை போயிரும்னு எங்களையே மிரட்டுனாங்க. அதனால அந்தச் சாவியையே எடுத்துட்டாங்க. இப்ப மந்திரி வந்து சொன்னாலும் தெறக்காது."

"சாவுன்னா விடணும்னு ஒரு ரூல் இருந்துச்சே?"

"இருந்துச்சுண்ணா. மொத வருஷம் விட்டாங்க. ஒரே டிரைவருக்கு மூணு தடவ அப்பா செத்தாரு. ஒருத்தரு தீபாவளிக்கு முந்தின நாள் பொண்டாட்டிய அடக்கம் பண்ணப் போறேன்னு எறங்கி, அந்தம்மாவையே கூட்டிட்டு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தாரு. கம்ப்யூட்டரு எல்லாத்தையும் சேத்துப் பாத்து, சாவ அவசரப் பட்டியல்லருந்து தூக்கிருச்சு."

எனக்கு வந்த கோபத்தில் அந்த டிரைவர்கள் ஒவ்வொருத்தனையும் தேடிப்பிடித்து அறையலாம் போலிருந்தது. "அப்ப எதுக்குத்தான் தெறக்கும்?"

"வண்டி தீப்புடிச்சா, கவுந்தா, உங்க உயிருக்கு ஆபத்துன்னா தெறக்கும். நெஞ்சு வலின்னு பொய் சொல்லிராதீங்கண்ணா. மெத்தை உங்க நெஞ்சப் பாத்துட்டுத்தான் இருக்குது. அப்படியே நம்பினாலும் ஆம்புலன்ஸ் வந்து நேரா ஆஸ்பத்திரில படுக்க வெச்சுருவாங்க, நாளைக்குத்தான் விடுவாங்க."

தீ வைக்கலாம் என்றால் வண்டியில் ஒரு தீக்குச்சி கிடையாது. ஹைட்ரஜன் வண்டியில் தீக்குச்சி வைத்திருந்தால் ஜெயில். சாமி படத்துக்கு முன்னால் பேட்டரியில் எரிகிற கற்பூரம்தான் வைத்திருந்தேன். அது மினுக்மினுக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உடனே பயந்துபோய்த் தேடி எடுத்து வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணா," என்றாள் நஸ்ரின். "நீங்க தூங்கறது ஒண்ணுதான் வழி. படுத்ததும் தூங்குனா, மத்தியானத்துக்கு மேல தெறந்துரும். பொழுதிருக்கவே போயிரலாம்."

"அக்கா பொணமாக் கெடக்கறப்ப எந்தத் தம்பியாச்சும் தூங்குவானா? நீ தூங்குவியா?"

சாவு வீட்டில் பிணம் இருக்கும்போது கண் மூடுகிறவனை ஊரே காறித் துப்பும். பச்சைப்பிள்ளைகளைக்கூட எழுப்பி உட்கார வைப்பார்கள். அந்த நேரத்தில் என்னைத் தூங்கு, தூங்கினால்தான் அக்கா முகத்தில் முழிக்கலாம் என்கிறது ஒரு மெத்தை.

பக்கத்து வண்டியில் இருந்த மாதையனுக்கு அப்போதுதான் கணக்கு முடிந்து கதவு திறந்தது. பென்னாகரத்துக்காரன், எனக்குச் சிநேகிதன், இருபது வருஷமாக ஒரே ரோட்டில் ஓடுகிறோம். நான் கண்ணாடியை அடிப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். கேபினுக்குள் எந்தச் சத்தமும் போகாது வராது. அவன் வெளியே நின்றுகொண்டு போனில் பேசினான், நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு போனில் பேசினேன். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு விரல்கடைக் கண்ணாடி.

விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "வளர்மதி அக்காவாடா? போன தையில கூட எனக்குப் பணியாரம் சுட்டுக் குடுத்துச்சேடா, பாவி."

"கார் ஏதாச்சும் சொல்லி வெய்டா. கதவு தெறந்ததும் ஓடிருவேன்."

அவன் ஏழெட்டுப் பேருக்குப் போன் அடித்துப் பார்த்தான். பெரிய முகூர்த்த நாள். தர்மபுரியில் இருக்கிற கார் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. "என் வண்டில ஏத்திக்கலாம்னா உக்கார சீட்டு இல்ல. கண்டவன் ஏறுனா நகராது இந்தச் சனியன்," என்றான். "நீ படுடா. நான் டவுனுக்குப் போயிக் கோடி எடுத்துட்டு வந்துடறேன். எறங்குனதும் கையில வாங்கிட்டு பஸ் ஏறிரு. என்ன கலர் எடுக்கறது?"

"வெள்ளை வேண்டாம். மாம்பழ மஞ்சள் எடு. மச்சான் போனதுக்கப்பறம் அவ அதைக் கட்டவே இல்ல."

அவன் போனான். நான் படுத்தேன். கண்ணை மூடினேன். மூடின கண்ணுக்குள் அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாள் ஸ்டியரிங் முன்னால் தூக்கம் வந்து, மிளகாய்ப்பொடியைக் கண்ணில் தேய்த்துக்கொண்டு ஓட்டிய ஆள் நான். அன்றைக்குக் கெஞ்சிக் கூப்பிட்டாலும் அது வரவில்லை.

வருகிற மாதிரி இருந்தபோதெல்லாம் போன் அடித்தது.

முதலில் மச்சானின் அண்ணன் பொன்னுசாமி. "சென்னியப்பா, தூங்கிட்டயா?"

"இல்லீங்க மாமா."

"சீக்கரம் தூங்கு. ஐஸ் பெட்டிக்காரன் நாலு எடத்துக்குப் போகணும்ங்கறான்."

அப்புறம் அத்தை முறையாகிற ஒரு கிழவி. "தூங்கிட்டயா தங்கம்? தூங்கலீன்னா ஒரு டம்ளர் பாலு குடி." அப்புறம் பறையடிக்கிறவர்களை எப்போது அடிக்கச் சொல்வது என்று கேட்டு ஒருவர். அப்புறம் கரூரில் இருந்து சித்தப்பா முறை ஒருவர், அவருக்குப் பூட்டு விஷயமே தெரியாது, அக்கா செத்துக் கிடக்கும்போது உனக்குத் தூக்கம் ஒரு கேடா என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தார். பந்தலில் உட்கார்ந்திருந்த சனம் பூராவும் நான் தூங்கிவிட்டேனா என்று தெரிந்துகொள்ளத் துடித்தது. தெரிந்துகொள்ள ஒரே வழி என்னை எழுப்பிக் கேட்பதுதான். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து, இன்னும் தூங்கலீங்க என்று சொன்னேன். போனை அணைக்கவும் பயம். அணைத்த நேரத்தில் எடுத்துவிட்டால் என்ன செய்வேன்? கூரைத் திரையில் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. வெயில் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் தாரணியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "என்னையக் கொல்றாங்க சாமி! யாராச்சும் ஒருத்தரு போன் பண்ணிட்டே இருக்கறாங்க."

"அப்படியா?" என்றாள். அவ்வளவுதான். பின்னால் அவள் குரல் தூரத்தில் கேட்டது. 'எல்லாரும் போனைக் குடுங்க! பெரியப்பா, உங்களுதும்தான்!' ஒரே களேபரம். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். "எல்லார் போனையும் வாங்கி அரிசி டிரம்முல போட்டு மூடிட்டேன். நான் கூப்பிட மாட்டேன், நீங்க வர்ற வரைக்கும் எடுக்கவும் விட மாட்டேன். அம்மா முகத்த ஒருக்கா போன்ல காட்டட்டுமா மாமா?"

"வேண்டாஞ் சாமி," என்றேன். பார்த்தால் தாங்க மாட்டேன்.

கேபின் அடங்கியது. நான் மல்லாந்து படுத்தேன். தூக்கத்தைக் கைவிட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கையை மார்பில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். அங்கே ஐஸ் பெட்டிக்குள் அக்காவும் இப்படித்தான் கிடப்பாள் என்று தோன்றியது. உடம்பு தானாகத் தளர்ந்தது, மூச்சு மெதுவாக வந்து போனது. அப்போது திரையில் எண் குறைந்தது.

நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். அந்த எண்ணையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னொன்று குறைந்தது. இன்னொன்றும் குறைந்தது. படுக்கைக்கு மேலே கேமரா வைக்கக் கூடாதென்று எங்கள் சங்கம் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தது. அதனால் என் கண் திறந்திருப்பது அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் துடிப்பும் மூச்சும் அசைவும்தான். விழுந்து கிடக்கிற மனுஷனைத் தூங்குகிற மனுஷன் என்று எடுத்துக்கொண்டது.

சந்தோஷத்தில் ஒரு கணம் நெஞ்சு எகிறியது. உடனே எண் நின்றது. அடப்பாவி என்று மறுபடி தளர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓடத் தொடங்கியது. அப்புறம் விளங்கிவிட்டது, அசையாமல் கிடந்தால் போதும். கொசு கடித்தாலும் சொறியக் கூடாது. எச்சிலை முழுங்கக் கூடாது. அக்காவை நினைக்கக் கூடாது.

அதுதான் முடியவில்லை. நான் சின்னவனாக இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து அவள் என்னை இடுப்பில் தூக்கி வந்தது ஞாபகம் வந்தது. அழுகை தொண்டைக்கு வந்தது, தோள் குலுங்கியது. எண் நின்றது. அழுதால் நிற்கிறது, அடக்கினால் ஓடுகிறது. அழுகையை முழுங்கினேன். மறுபடி வந்தது, மறுபடி முழுங்கினேன். கூடப் பிறந்தவள் செத்த அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நாலு மணி நேரம் மரக்கட்டையாகக் கிடந்தேன். எனக்கு வந்த நிலைமை எந்த எதிரிக்கும் வர வேண்டாம்.

வெயில் சாய்ந்த பிறகு கதவு டக்கென்றது. ஸ்டியரிங்கைச் சுற்றிப் பச்சை விளக்கு எரிந்தது. "நல்ல ஓய்வு எடுத்திருக்கிறீர்கள், சென்னியப்பன். இனிய பயணம்," என்றது வண்டி. தேன் வழிகிற குரல்.

குதித்து இறங்கினேன். கால் மரத்துப்போய் இரண்டு அடி தடுமாறினேன். மாதையன் ஜவுளிக்கடைப் பையோடு நின்றுகொண்டிருந்தான். மாம்பழ மஞ்சள், பச்சை ஓரம். கையில் வாங்கிய நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேலாளர் சபரீஷ். நல்ல பையன், குறை சொல்ல முடியாது.

"அண்ணா, கேள்விப்பட்டேங்க. ரொம்பச் சங்கடமாப் போச்சு. உங்க வண்டி பச்சை காட்டுதே, அப்பறம் ஏன் பஸ்ஸுக்கு நிக்கறீங்க? அக்கா ஊரு போற வழிலதானே? வண்டிலயே போங்க, ரோட்டோரமா விட்டுட்டுக் காரியத்தப் பாருங்க. கரூருக்கு நாளைக்கு வந்தாப் போதும்."

அவன் சொன்னது நியாயம்தான். பஸ் தர்மபுரிக்குள் நுழைந்து, சேலத்துக்குள் நுழைந்து, ஆளை ஏற்றி இறக்கிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். வண்டியில் போனால் வெளிச்சத்திலேயே போய் அக்கா முகத்தைப் பார்த்துவிடலாம், என் கையாலேயே கோடி போர்த்தலாம். அந்த ஆசையில் ஏறி சீட்டில் உட்கார்ந்தும்விட்டேன்.

நடுவில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. மச்சான் அங்கேதான் கண் அசந்தார். நான் முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் கண் மூடவில்லை. அது எனக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியாது, சட்டத்துக்குத் தெரியாது, சபரீஷுக்கும் தெரியாது. இந்த வண்டியும் நம் ரோட்டில் தானாக ஓடாது. எதிர்த் திசையில் ஒரு டிராக்டர் வந்தால் போதும், கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். ஓட்டுகிறவன் ஒருத்தன் விழித்திருக்க வேண்டும்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். "நஸ்ரினு, நான் தூங்கல அம்மிணி. மெத்தை தப்பாச் சொல்லுது. முழிச்சுக்கிட்டேதான் கெடந்தேன்."

"தெரியும்ணா," என்றாள் மெல்ல.

"தெரியுமா?"

"உங்களுதுன்னு இல்ல. துக்கத்துல இருக்கறவங்க, கடன்ல இருக்கறவங்க, பொண்ணு ஓடிப்போன அப்பாங்க, இப்படி நெறயப் பேரு. அசையாமக் கெடந்தா அது தூக்கம்னுதான் எழுதுது. ஆறு மாசத்துக்கு முன்னாடியே மேல சொன்னோம். கதவு தெறக்குது, வண்டி ஓடுது, விபத்து கொறஞ்சுதான் இருக்குது, அப்பறம் எதுக்குக் கிளறணும்னுட்டாங்க. டிரைவரும் யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. சொல்லி என்ன கெடைக்கும்? இப்ப நீங்க சொன்னத நான் பதிவு பண்ணா வண்டி மறுபடி பூட்டிக்கும். உங்க லைசென்ஸ் விசாரணைக்குப் போயிரும், மாசக்கணக்குல இழுக்கும். பதிவு பண்ணலீன்னா நீங்க பாட்டுக்குப் போலாம். நான் எதுவும் கேக்கலண்ணா."

"இந்தப் பூட்டக் கேட்டு வாங்குனது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"வளர்மதின்னு ஒரு அம்மா. எங்களுக்குப் பயிற்சில சொல்லிக் குடுத்தாங்க."

"அவதான் எங்கக்கா."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றாள் போலிருக்கிறது. நான் வண்டியை விட்டு இறங்கி, வெளியே நின்றபடி கேபினுக்குள் தலையை நீட்டிச் சொன்னேன், "பதிவு பண்ணு."

கதவு மூடிக்கொண்டது. பச்சை விளக்கு அணைந்தது. மாதையன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். நான் பையை அவன் கையில் திரும்பக் கொடுத்தேன்.

"நீ தூங்கி எந்திரிச்சவன். உன் வண்டில நேராப் போ. நீ போத்திரு."

"டேய், கோடியாடா! பொறந்தவன் போடறதுடா அது. நான் எந்தச் சாதி, நீ எந்தச் சாதி? உங்காளுங்க என்னைய வாசல்ல விடுவாங்களா?"

"பணியாரம் சுட்டுக் குடுத்தப்ப சாதி கேட்டாளா அவ? போடா."

தாரணிக்கு அடித்தேன். சொன்னேன். நான் தூங்கவில்லை, அதனால் ஓட்டவில்லை, பஸ்ஸில் வருகிறேன், இருட்டிவிடும், என்னைப் பார்க்காமல் எடுத்துவிடுங்கள், கோடி மாதையன் கையில் வருகிறது. அந்தப் பக்கம் பொன்னுசாமி மாமா 'எவன்டா அவன், எந்த ஊட்டுப் பங்காளி?' என்று கத்துவது கேட்டது. தாரணி போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு, 'எங்க மாமன்தான், பெரியப்பா. எனக்கு ரெண்டு மாமன்' என்று சொன்னாள். அப்புறம் என்னிடம் வந்து, "நீங்க ஓட்டாதீங்க மாமா. பைய்ய வாங்க," என்றாள். அவள் அம்மா பேசுகிற அதே குரல்.

மாதையனின் வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பிப் போனது. ரோட்டில் கொஞ்சம் தண்ணீர் சொட்டியிருந்தது. நான் நடந்து போய் நாமக்கல் பஸ்ஸை நிறுத்தி ஏறினேன். ஜன்னலோர சீட்டு கிடைத்தது. அழலாம் என்று பார்த்தேன். இப்போது யாரும் தடுக்கவில்லை, எந்தத் திரையும் இல்லை. ஆனால் நாலு மணி நேரம் முழுங்கினது எங்கே போய் உட்கார்ந்துகொண்டதோ, வரவில்லை.

கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கி, அக்கா ஊருக்கு இறங்குகிற ஆண்டகளூர் கேட் வந்தால் சொல்லுங்கள் என்றேன். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பஸ் தர்மபுரியைத் தாண்டினதும் கணவாய் வரும். மச்சான் போன இடத்தில் ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போட வேண்டும். அக்கா வந்துகொண்டிருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்காகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன். தர்மபுரி பஸ் நிலையத்தில் ஒரு பையன் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்டக்டர். வெளியே நல்ல இருட்டு.

"கணவாய் வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"கணவாயா? சேலமே தாண்டி வந்தாச்சு. எறங்குங்க, உங்க கேட் வந்துருச்சு. வழில ஒரு தரம் சடன் பிரேக் போட்டுப் பஸ்ஸே அலறுச்சு, நீங்க கண்ணத் தொறக்கலையே!"

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தேன். லாரியில் வந்திருந்தால் அந்த நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டிய கை. இறங்கினதும் பஸ் போய்விட்டது. ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து, அக்கா, அக்கா என்று வாய்விட்டு அழுதேன்.